'குணமாகலாம்' என்பதைத் திருத்திய கைக்கு ஒரு மடல்

முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல், முணுமுணுப்பு ஒன்று இல்லாமல், முறையிட்டு வந்தவர் முன்னெல்லாம் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து முழுக்கதையும் கேட்ட மூத்த மருத்துவரே, எங்கள் சிறுநீரகவியல் துறையின் தலைவர் டாக்டர் ஜூடு ஞானதுரை அவர்களே, வணக்கம்.

உங்கள் பணிநிறைவு விழாவில் வாசிக்கும் வாழ்த்து மடல் என்பதால், முழுவதையும் இப்படி அடுக்கித்தான் எழுதச் சொன்னார்கள். ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். அதில் பொய் இல்லை. இனி வருவதிலும் இல்லை. அடுக்கு மட்டும் குறையும்.

விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து, நரம்பு அறுந்து, விறைப்பை இழந்து வந்த ஆண்களை இந்த மருத்துவமனை 'அந்தக் கேஸ்' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. சிரித்த வார்டு ஊழியர் காளையை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "நரம்புதான்டா செத்திருக்கு, மனுசன் சாகல" என்றீர்கள். அதன்பின் காளை அண்ணனே அவர்களுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைக் கேட்டுவிட்டு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நம்பினேன். இன்று இவ்வளவு கோபம் வருவதற்கு அந்த வாரமும் ஒரு காரணம்.

பிறகு ஸ்டெம் செல் ஆய்வு வந்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து அவருடைய உறுப்பிலேயே ஊசியாகப் போட வேண்டும். பட்டுப்போன நரம்பு துளிர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். எலிகளில் பலன் தெரிந்திருந்தது. மனிதரில் தெரியுமா என்பது யாருக்கும் தெரியாது, அதற்குத்தான் ஆய்வு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். 'ஆறு மாதத்தில் குணமாகலாம்' என்று எழுதினேன். நீங்கள் சிவப்பு மையில் 'குணமாகும்' என்று திருத்தினீர்கள்.

"லாம்னு போட்டா எவன்மா கையெழுத்துப் போடுவான்? நம்பிக்கைதான் பாதி மருந்து."

ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவுக்குப் போன தாளில் 'லாம்' இருந்தது. அச்சுக்குப் போன தாளில் இல்லை. அச்சான தாளைப் பதினெட்டுப் பேருக்கு வாசித்துக் காட்டி விரலை மையில் ஒற்றவைத்தவள் நான். அதற்கு உங்கள்மேல் பழிபோட மாட்டேன். அது என் பங்கு.

அவர்களில் ஒருவர் செல்லூர் விசைத்தறிக்காரர். வண்டியூர்ப் பக்கம் லாரி இடித்து வந்தவர். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். இது சபையில் வாசிக்கும் மடல் என்பதால் சிராஜ் என்று பெயர் மாற்றியிருக்கிறேன், அவர் வீட்டாருக்கும் அப்படியே. அவர் மனைவி ஹஃபீஸாவை அவளுடைய அண்ணன் ஜலால் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகத் துடித்தபோது, சிராஜ் நம் படிவத்தைத்தான் நீட்டியிருக்கிறார். "ஆறு மாசம் பொறுங்க மச்சான். எழுத்துலயே இருக்கு, பாருங்க."

ஆறு மாதம் பொறுத்தார்கள். மூன்று ஊசி போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அதே தாள் ஜலால் கையில் இருக்கிறது.

"அம்புட்டுப் பெரிய டாக்டரு குணமாகும்னு எழுதிக் குடுத்திருக்காரு மாப்ள. அப்ப ஊசியில குறை இல்ல. உம்ம மனசு வேற எங்கயோ இருக்கு."

வருகிற ஞாயிறு பள்ளிவாசல் ஜமாஅத்தில் இருவரையும் பிரித்துவிடும் பேச்சு. போன செவ்வாய்க்கிழமை ஹஃபீஸா என் மேசைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவரு மேல குறை இல்லைன்னு ஒரு தாள் மட்டும் குடுங்கக்கா. மத்ததை நான் பாத்துக்கிறேன். அவரோட இருக்கறதா வேணாமான்னு நான்தான சொல்லணும்?"

அந்தத் தாளை எழுதிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தேன். "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கும்மா இதெல்லாம்? ஒரு சொல்லுதான?" என்று கையெழுத்திடாமல் திருப்பித் தந்தீர்கள். ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு மனிதன் தன் மானத்தை மச்சான் கையில் கொடுத்துவிட்டான். அவன் நரம்பு செத்தபோது அவனை மனிதன் என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது.

ஐயா, இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு உங்களிடம் தரப்போகிறோம். பின்பக்க அட்டையை ஆணி அடிக்காமல் விடச் சொன்னேன். உள்ளே அந்தத் தாள் இருக்கிறது. ஐந்தே வரி. இது ஆய்வு, பலன் உறுதி இல்லை, பதினெட்டுப் பேரில் பதினான்கு பேருக்குப் பலன் தெரியவில்லை, இவர் மூன்று ஊசிக்கும் தவறாமல் வந்தார், குறை இவருடையதல்ல. அதில் உண்மைப் பெயர் இருக்கிறது. கீழே உங்கள் பெயருக்கு மேல் இடம் விட்டிருக்கிறேன். இன்று மாலை ஐந்து மணிவரை நீங்கள் துறைத் தலைவர். ஐந்து மணிக்குப் பிறகு உங்கள் கையெழுத்து வெறும் கையெழுத்து.

துறையில் பதினொரு பேர் இதைப் படித்தோம். ஏழு பேர் கையெழுத்திட்டோம். முதல் கையெழுத்து காளை அண்ணனுடையது. மற்ற நால்வர் கேக் வெட்டி முடியட்டும் என்றார்கள்.

மடலை வாழ்த்தி முடிப்பது முறை. நோய் அண்டாமல், நினைவு மங்காமல், நிம்மதி குலையாமல் நீங்கள் நூறாண்டு வாழலாம்.

'வாழ்வீர்கள்' என்று திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
துறை ஊழியர்கள் எழுவர் சார்பில்,
மொ. பாண்டிமீனா,
ஆய்வு ஒருங்கிணைப்பாளர், மதுரை.