தகரக் கொட்டகையில் இருந்தவள்

சாயங்காலம் ஆறு மணி தாண்டியிருக்கும். மழை விட்டு, மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த நேரம். இரண்டு பக்கமும் காடு, நடுவில் ஒரு செம்மண் பாதை. அதில் ஒரு பெண் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில் வாக்கி-டாக்கி.

அது என் நண்பனுடைய சின்னம்மா. பேய்க் கதை என்று பயந்து கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம், சும்மா சாத்தி வையுங்கள். இது கதவைத் தட்டிக்கொண்டு வருகிற சமாச்சாரம் இல்லை.

சின்னம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்ச இழுத்துப் பிடிங்க... விடுங்க." வாழ்நாளெல்லாம் சொன்னது அதுதான். சித்தப்பா தவறிய பிறகு, பிள்ளை குட்டியும் இல்லாத வீட்டில், தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது போல இருந்திருக்கிறது. வேலையை விட்டார். ஊர் ஊராகச் சுற்றினார். கடைசியில் கடல் தாண்டி எங்கோ ஒரு காட்டோரம், அடிபட்ட மிருகங்களைத் தேற்றி அனுப்பும் முகாமில் தன்னார்வலராகப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே இருந்த ஆட்களைப் பற்றி அவர் போனில் சொல்லச் சொல்ல நண்பன் வயிறு வலிக்கச் சிரிப்பானாம். சமையல்காரர் ஒருவர், முன்பு கப்பலில் இருந்தவர், காது வரை மீசை. ஒன்பது பாஷையில் திட்டத் தெரியும், ஒன்றில்கூட நன்றி சொல்லத் தெரியாது. பச்சை நிறத்தில் தலைமுடி வைத்திருந்த ஒரு பெண், தினமும் ஒரு கிழட்டுக் குரங்குக்கு மவுத் ஆர்கன் வாசிப்பாள். வாசிப்பு பிடிக்காவிட்டால் அது முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். சின்னம்மா பங்குக்கு, குரங்குகளுக்கு எக்ஸ்ரே எடுத்தார். அவற்றிடமும் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வாராம், பழக்கதோஷம்.

எல்லாரும் பிரியமாகத்தான் இருந்தார்கள். ஆனால் நம் பாஷை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அரைகுறை இங்கிலீஷில் எவ்வளவு நேரம் பேச முடியும்? சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரிக்கும்போது, அரை நிமிஷம் கழித்து இவரும் சிரிப்பார்.

சாயங்காலம் அவருக்கு இன்னொரு வேலை. தேறிய மிருகங்களுக்குக் காட்டுக்குள் பழம் வைக்கப் போனவர்கள் ஒவ்வொருவராக வாக்கி-டாக்கியில் கூப்பிட்டு, "திரும்பிட்டோம்" என்பார்கள். எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு அணைக்க வேண்டும்.

ஒருநாள் எல்லாரும் வந்தாயிற்று. அணைக்கப் போனார். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு... தமிழில்.

"சாப்டியாம்மா?"

பெண் குரல். லேசாகக் கம்மிய குரல், ரொம்ப நாள் பேசாமல் இருந்து பேசியது போல. பின்னால் தகரத்தின் மேல் மழை கொட்டும் சத்தம். முகாமில் அன்று மழையே இல்லை.

"யாருங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. சாப்டியா?"

"இன்னும் இல்ல."

"நேரத்துக்குச் சாப்பிடு." அவ்வளவுதான். நின்றுவிட்டது.

சின்னம்மா பயப்படவில்லை. பயப்படத் தோன்றவே இல்லையாம். தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதிருக்கிறார். சித்தப்பாவுக்குப் பிறகு அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் ஆள்.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். எல்லாரும் திரும்பிய பிறகு, அணைக்கப் போகிற நேரம் பார்த்து.

ஒருநாள் சின்னம்மா சொன்னார். "ஊர்ல, டிவியப் போட்டு விட்டுட்டுதான் தூங்குவேன். வீட்டுல யாராச்சும் பேசிக்கிட்டே இருக்கணும்."

பின்னால் மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு அதுவும் இல்ல" என்றது குரல்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். பலகைப் பாலம் தாண்டினா தகரக் கொட்டகை."

சின்னம்மா மறுநாள் மீசைக்காரரிடம் அரைகுறை இங்கிலீஷில் மெல்ல விசாரித்தார். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அங்க ஒருத்தரும் இல்ல. முன்ன உங்கள மாதிரி வந்தவங்கள அங்கதான் தங்க வைப்பாங்களாம். ஒரு வெள்ளம் வந்துச்சு. அப்புறம் போறதில்ல."

"தங்கியிருந்தவங்க?"

"நான் வர்றதுக்கு முந்தின கதை அது." கத்தியைத் துடைத்து வைத்தார். "நீங்களும் போகாதீங்க."

சின்னம்மா ஊர் திரும்பும் நாள் நெருங்கியது. அதைக் குரலிடம் சொன்னபோது தகரத்தின் மேல் மழை பலத்தது. பிறகு...

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்துட்டுப் போ."

அப்படித்தான் அந்தச் செம்மண் பாதையில் போனார். பூச்சிகளின் இரைச்சல் காதைத் துளைத்தது. பாலத்தில் கால் வைத்ததும்... நின்றுவிட்டது. ஒரேயடியாக. கீழே தண்ணீர் ஓடியது, அதன் சத்தம்கூடக் கேட்கவில்லை. பலகை அவருடைய செருப்புக்கு மட்டும் கிறீச்சிட்டது.

கொட்டகை இருந்தது. கதவு இல்லை. துருவும் ஈரச் சாம்பலும் கலந்த ஒரு வாசனை, அதற்கு நடுவே சோப்பு வாசனை. டார்ச்சை அடித்தார். தரை பெருக்கியிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாய். கழுவிக் கவிழ்த்த டம்ளர் ஒன்று, விளிம்பில் இன்னும் நீர் சொட்டியது. சுவரில் ஆணியில் ஒரு பழைய வாக்கி-டாக்கி. பின்மூடி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் எறும்புப் புற்று.

"வந்துட்டேங்க" என்றார்.

பதில் இல்லை. கால் வலித்தது. ஒரு பாயில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. யாரும் பேசவில்லை, ஆனால் வீட்டில் ஆள் இருக்கும்போது வருமே ஒரு நிம்மதி... அது வந்தது. கண் செருகியது.

அக்கரையில் பைக் ஹாரன். விடாமல் அடித்தது. மீசைக்காரர் தேடி வந்துவிட்டார்.

சின்னம்மா எழுந்தார். எழுந்தபோது உடம்பு ரொம்ப லேசாக இருந்ததாம், எதையோ கீழே வைத்துவிட்டது போல. டார்ச், வாக்கி-டாக்கி, செருப்பு... எல்லாம் இருந்தது. வழி நெடுக மீசைக்காரர் திட்டிக்கொண்டே வந்தார். எந்தப் பாஷை என்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் குரல் வந்தது.

"வந்தேனே" என்றார் சின்னம்மா. "நீங்கதான் இல்ல."

மழைச் சத்தம். பிறகு, "நான் இங்கதான் இருந்தேன். நீயும் வந்த." குரல் தயங்கியது. "நீ இன்னும் போகலையே. இதோ, பக்கத்துலதான் உக்காந்திருக்க... அப்ப இது யாரு பேசறது?"

அந்தக் குரலில் பயம் இருந்ததாம். அதைக் கேட்ட பிறகுதான் சின்னம்மாவுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. அணைக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. அந்தப் பக்கம் வாக்கி-டாக்கி கை மாறுகிற சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு சின்னம்மாவின் குரல். அவருடைய சொந்தக் குரல்.

"நான் இங்கயே இருந்துக்கறேன். நீ ஊருக்குக் கெளம்பு."

விடிந்ததும் சின்னம்மா ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

இது நடந்து சில மாதம் கழித்து, நண்பன் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தான். சின்னம்மா இட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மீசைக்காரர். சின்னம்மா கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அதனால் இந்தப் பேச்சு முழுவதையும் நண்பன் தன் காதால் கேட்டிருக்கிறான்.

"திரும்பி வந்தா ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?" மீசைக்காரருடைய இங்கிலீஷிலும் மனத்தாங்கல் தெரிந்தது. "நேத்து ஆத்துக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுட்டிருந்தீங்க. எவ்வளவு கத்தினேன். நிமிர்ந்து பாத்தீங்க. என்னத் தெரியாத மாதிரி குனிஞ்சுட்டீங்க."

நண்பன் சோற்றுக் கையோடு போனையே பார்த்தான். சின்னம்மா போன் பக்கம் குனிந்தார். ஒன்று மட்டும் கேட்டார்.

"தனியாவா இருந்தேன்?"

"இல்லையே. கூட இன்னொரு அம்மா. ரெண்டு பேரும் பேசிப் பேசிச் சிரிச்சுட்டிருந்தீங்க."

சின்னம்மா போனை வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பயந்திருப்பார் என்று நண்பன் எழுந்து பக்கத்தில் போனான். அவர் முகத்தில் பயம் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்.

"அங்கயே இருந்துட்டவளுக்காச்சும் துணை கெடச்சுதே."