பின்போர்ஷன் காலி

– வெள்ளிக்கிழமைக்குள்ள பின்போர்ஷனைக் காலி பண்ணிடணும் கண்ணு. ஏரிக்கரை கோயிலாண்ட தெருவே கூடிப் பேசி முடிச்சிட்டாங்க. என் ஊட்டுக்காரரும் பூம்பூம் மாடு மாரி தலைய ஆட்டிட்டு வந்துகீறாரு.

– ஓம் அம்மா. நீங்கள் சொல்ல முந்தியே பெட்டி கட்டிப்போட்டன். நாளைக்கே போறன்.

– எங்க போவே?

– கும்மிடிப்பூண்டி முகாமுக்கு. எங்கட ஆக்கள் கொஞ்சப் பேர் இருக்கினம்.

– ஏழு மாச வயித்த வச்சிகினு, இந்த வெயில்ல, தகரக் கொட்டாய்ல போயி படுக்கப் போறியா தாட்சு?

– வேற என்ன செய்யிறது? இவரை விசாரணைக்கெண்டு கூட்டிக்கொண்டு போன பொலிசுக்காரர் இன்னும் விடேல்லை. ஒரு குற்றமும் செய்யாத மனுசன், எப்பிடியும் விடுவினம். அதுவரைக்கும் எனக்கும் பிள்ளைக்கும் ஒரு கூரை வேணும். முகாமெண்டா எல்லாரும் ஒரே மாதிரி. ஆரும் ஆரையும் எழும்பிப் போ எண்டு சொல்ல மாட்டினம்.

– பெட்டிய அவுரு.

– அம்மா?

– அவுருன்றேன். காலி பண்ணச் சொன்னது பின்போர்ஷனை. முன்னாடி ரூம்ல, கட்டிக் குடுத்துட்ட என் பொண்ணு பத்மா படுத்த கட்டில் சொம்மாதான கீது, அதுல வந்து படு. வெள்ளிக்கிழமை உனக்கு வளைகாப்பு. வளையல்காரருக்குக்கூட சொல்லிட்டேன்.

– எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

– இதுல இன்னா வெளங்கல? வளையல் அடுக்கி, புளிசோறு, தயிர்சோறு எல்லாம் போட்டா, அப்பால பொண்ண அம்மா ஊட்டுக்கு அனுப்பணும். அதான மொறை? உன் அம்மா ஊடு எங்க கீது?

– உங்களுக்குத் தெரியும்தானே. செல்குண்டு விழுந்து வீடும் போச்சு, அம்மாவும் போயிட்டா.

– அப்ப நான்தான். குடித்தனக்காரி காலி பண்ணிட்டா, என் பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீறா. எவன் கேட்டாலும் இத்தத்தான் சொல்லுவேன். சொன்ன வாக்கு தப்பிட்டா முத்தம்மான்னு ஒருத்தன் வாயத் தொறக்க முடியுமா?

– உங்கட கதையைக் கேட்கச் சிரிப்பு வருது அம்மா. அழுகையும் வருது.

– சிரி. ஒரு மாசமா உன் மொகத்துல அத்த காணோம்.

– எங்கட வீட்டுப் பக்கம் வளைகாப்பெண்டு ஒண்டும் செய்யிறேல்லை.

– நாங்க செய்வோம். நீ இங்கதான கீறே?

– ஆர் வருவினம்? கீரைக்காரர்கூட என்ர வாசல்ல நிக்கிறேல்லை. முந்தி என்ர பேச்சைக் கேட்டு ‘இன்னா மலையாளத்தம்மா’ எண்டு பகிடி விட்டு, ஒரு பிடி கூடத் தாற மனுசன். போன கிழமை என்ர குரலைக் கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், திரும்பியும் பார்க்கேல்லை. பைப்படியில நான் குடம் வச்சா, மற்றவை தங்கட குடத்தைத் தள்ளி வைக்கினம்.

– பயம் கண்ணு. சிலோன்காரங்களுக்கு ஊடு குடுத்தவன் யாரு யாருன்னு போலீஸ் வந்து கேட்டுகினு போறான். எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனைச்சிகினியா? கதவு தட்டுற சத்தம் கேட்டா வெளக்க அணைச்சிட்டு குந்திக்கறேன்.

– பிறகேன் அம்மா உங்களுக்கு இந்தக் கரைச்சல்?

– போன வருசம் நான் ஜொரத்துல கெடந்தப்ப, என் ஊட்டுக்காரரே மூக்கப் பொத்திகினு தள்ளி நின்னாரு. என் வாந்திய அள்ளினது யாரு? இந்தத் தெருவா? நீ அள்ளினே. நான் சோத்துல உப்புப் போட்டுத் தின்றவ.

– தெருவை விடுங்கோ. எதிர்வீட்டு வனஜாக்கா? அவாட முகத்தை நான் எப்பிடிப் பார்க்கிறது?

– அங்கதான் இடிக்குது. கூட்டத்துலயும் அதான் பேச்சு. ‘இந்தத் தெருவுல செத்தது குணசேகரன். அவன் ஊட்டுக்காரி இன்னா சொல்றாளோ, அதுக்கு மேல பேச்சு இல்ல’ன்னுட்டாங்க. நானும் ரெண்டு தபா போயி கூப்ட்டுப் பாத்தேன். வனஜா கதவத் தொறக்கல.

– குணசேகரன் அண்ணைதான் இவரை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில லேத்துப் பட்டறையில சேர்த்துவிட்டவர். நல்ல மனுசன்.

– நல்லவன்தான். கொடி புடிக்கிற பைத்தியம் ஒண்ணுதான் அவனுக்கு. பூந்தமல்லி ரோட்டுல லாரி போவுதுன்னாங்க, ஏறிட்டான். ‘ஸ்ரீபெரும்புதூர் இன்னா தூரம் முத்தம்மாக்கா, தலைவரைப் பாத்துட்டு விடியறதுக்குள்ள வந்துடறேன்’னான். குண்டு வெடிச்சி எல்லாம் போச்சி. பாடிய முழுசா பாக்க வாணாம்னுட்டாங்க. கைல கட்டிகினு இருந்த வாட்ச்ச வச்சிதான் வனஜா அடையாளம் சொன்னா.

– என்ர தம்பியை நாங்கள் இடுப்பில கட்டியிருந்த சாரத்தை வச்சுத்தான் அடையாளம் கண்டனாங்கள்.

– எந்தத் தம்பி?

– வனஜா! நீ எப்பம்மா வந்தே? உள்ளாற வா. இன்னா அங்கயே நின்னுகினு கீறே?

– வாசல்லயே நிக்கறேன் முத்தம்மாக்கா. தாலி அறுத்தவ புள்ளத்தாச்சிப் பொண்ணு எதிர்ல வரக் கூடாது. நீ சொல்லு. தம்பிக்கு என்ன ஆச்சு?

– அது பழைய கதை அக்கா. எண்பத்தேழில. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வாறனெண்டு சைக்கிள்ல போனவன். சந்தியில சூடு பட்டு விழுந்து கிடந்தான்.

– யாரு சுட்டாங்க?

– வேண்டாம் அக்கா.

– கேக்கறேன் இல்ல?

– இந்தியாவில இருந்து வந்த ஆமி.

– ஐயோ, அத்த ஏம்மா இப்ப...

– நீங்க கொஞ்சம் சும்மா இருங்கக்கா. நம்ம ஆர்மியா? இத்தனை நாள் எதிர்வீட்டுல இருந்தியே, ஒருநாள்கூட ஏன் சொல்லல?

– சொல்லி? உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் எனக்குப் புளிப்புக்கு மாங்காய் தந்தனீங்கள். அண்ணை இவருக்கு வேலை தந்தவர். உங்களைப் பார்த்து, என்ர தம்பியை ஏன் கொண்டனீங்களெண்டு நான் கேட்கேலுமே?

– நான் கேட்டேன்.

– என்னக்கா?

– உன் மூஞ்சியப் பாத்துக் கேக்கல. என் ஜன்னல்ல நின்னு, உன் ஜன்னலைப் பாத்துக் கேட்டேன். தினம் கேட்டேன். என் வீட்டுக்காரர் கைல வாட்ச்தான் மிஞ்சிச்சு, இவ மட்டும் வயித்த தள்ளிக்கிட்டு துணி உலத்தறாளேன்னு வயிறெரிஞ்சு சாபம் விட்டேன்.

– வனஜா! வாயும் வயிறுமா கீற பொண்ணு காதுல இத்தயா போடுவே?

– விட்டதை விட்டேன்னுதானே சொல்ல முடியும்?

– பேசாதேங்கோ அம்மா. சாபம் எனக்கும் தெரியும். தம்பி போன பிறகு ஆமி லொறியைக் காணுற நேரமெல்லாம் நானும் சபிச்சனான். அதுக்குள்ள இருந்த பெடியன்களுக்கும் எங்கயோ அம்மா இருந்திருப்பினம்.

– வெள்ளிக்கிழமை வளைகாப்பாமே. வளையல்காரர் சொன்னாரு.

– ஆமா வனஜா. உங்கிட்ட கேக்காம ஏற்பாடு பண்ணது தப்புதான். திட்டறதுன்னா என்னிய திட்டு.

– வளையல் போட்டப்புறம் எந்த வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?

– எந்த ஊட்டுக்கு? தோ, முன்னாடி ரூமுக்குத்தான். அவளுக்கு வேற யாரு கீறாங்க?

– அது ஆகாது.

– உன் கால்ல வோணா வுழறேன் வனஜா. புள்ள பொறக்குற வரிக்கும்தான்.

– ஆகாதுன்னா ஆகாதுக்கா. பின்னாடி இருந்தவளைத் தூக்கி முன்னாடி வச்சா தெரு ஏமாந்துடுமா? நாலு பேர் வந்து வாசல்ல சத்தம் போட்டா, உங்க வீட்டுக்காரர் பரந்தாமண்ணனே முதல்ல வெளிய போன்னுவாரு. அப்ப ஒன்பதாம் மாசமா இருக்கும். இவ எங்க போவா?

– ரெண்டு பேரும் எனக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். வனஜாக்கா, நீங்கள் சொன்னாச் சரி. நான் போறன். பெட்டி கட்டினபடிதான் கிடக்கு.

– அப்ப அவுக்காத. அப்படியே எடுத்துக்கிட்டு வா.

– எங்க அக்கா?

– முத்தம்மாக்கா, வளையலை நீங்க போடுங்க, அதை நான் தொடக் கூடாது. போட்டு முடிச்சதும் பொண்ணை என் வீட்டுக்கு அனுப்பிடுங்க. அவரு படத்துக்குக் கீழதான் இவளுக்குப் பாய் போடப் போறேன். அங்க வந்து எவன் காலி பண்ணச் சொல்றான்னு பாக்கறேன்.