சிவப்பு பிளக்கைக் காத்த கேதரின் அக்காவுக்கு

பீடோங் அருட்கரம் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருபத்தோர் ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் தொழில்நுட்பப் பராமரிப்பாளர் திருமதி கேதரின் அமலதாஸ் அவர்களுக்கு, உடன் பணிபுரிந்தோர் மனமுவந்து வாசித்தளிக்கும் மடல்

மின்சாரம் போனாலும் முகம் வாடாத மூத்தவரே, மூலையில் வீசப்பட்ட கணினிக்கும் மறுவாழ்வு தந்த முன்னோடியே, பதறி வந்தவரிடமெல்லாம் பதறாமல் "மொதல்ல கேபிளப் பாத்தியா?" என்று கேட்டே பாதிச் சிக்கலைத் தீர்த்து வைத்த பண்பாளரே, எங்கள் பாசத்துக்குரிய கேதரின் அக்கா, வணக்கம்.

இத்தகைய மடல்களில் கடலையும் மலையையும் துணைக்கு அழைப்பது வழக்கம். இதை எழுதப் பணிக்கப்பட்ட அலுவலக எழுத்தர் சிவநேசனும் உங்களை இமயம் என்றுதான் எழுதத் தொடங்கினான். மேல் அலமாரியில் இருக்கும் ஒயரை எடுக்க நாற்காலி தேடுகிறவரை இமயம் என்றால் முதலில் சிரிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று தலைமைத் தாதி தேவகி சொன்னதால் அந்த வரி அடித்து நீக்கப்பட்டது. ஆகவே, நடந்ததை நடந்தபடி சொல்லியே உங்களைப் பாராட்டுவதென்று முடிவு செய்தோம். நடந்ததில் எங்களுக்குப் பெருமை தராத பகுதியும் உண்டு. அதையும் இன்று மறைக்கப்போவதில்லை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, பீடோங் கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் நான்கே இயந்திரங்களோடு இந்நிலையம் திறக்கப்பட்டபோது, நோயாளிகளின் பெயரைப் பதியும் வேலைக்கு மெர்போக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தீர்கள். பெயர் பதிய வந்தவர் பிரிண்டரைப் பழுது பார்த்தீர்கள். பிறகு தொலைபேசியை, பிறகு தண்ணீர் வடிகட்டியை. எங்கள் கையில் எது நின்றாலும் உங்கள் கையில் அது ஓடியது. நான்கு இயந்திரங்கள் ஒன்பதாயின. பதிவேட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, பின்னறைச் சாவியை உங்களிடம் கொடுத்தது நிர்வாகக் குழு.

கூடியிருக்கும் விருந்தினர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மின்சாரம் நின்றால் நம் ஜெனரேட்டர் எழுந்து ஓடப் பதினைந்து விநாடி ஆகும். அந்தப் பதினைந்து விநாடியைத் தாங்குவது பின்னறையில் நிற்கும் யூ.பி.எஸ். என்னும் மின்கலப் பெட்டி. அதன் மின்சாரம் சிவப்பு பிளக்குகளில் மட்டும் வரும். நோயாளிகளின் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களைத் தவிர வேறு எதையும் அங்கே சொருகக் கூடாது. நன்கொடையாக வந்த நம் பழைய இயந்திரங்களுக்குச் சொந்த மின்கலம் இல்லை என்பதால், அந்தப் பெட்டி நலமாக இருக்கிறதா என்று எந்நேரமும் யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படிக் கவனிக்க ஒரு கட்டற்ற மென்பொருளை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடித்தீர்கள். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் மென்பொருள் அது. குழுத் தலைவர் திரு. டக்ளஸ் அன்றே உங்களைக் கேட்டார்: "சும்மா கெடைக்கிற சாமான நம்பி ஆளுங்க உசுர வைக்கலாமா, கேதரின்?" நீங்கள் சொன்ன பதில் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. "சும்மா கெடைக்குதுன்னு பாக்காதீங்க சார். உள்ள என்னா இருக்குன்னு தொறந்து பாக்கலாம்லா. மத்தவன் தொறக்கவே விடமாட்டான்." தலைவர் அரைமனதாகத் தலையாட்டினார். தூக்கிப்போட வைத்திருந்த பழைய கணினியில் நீங்கள் அதை நிறுவினீர்கள்.

அது உடனே அடங்கி நடந்துவிடவில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை, பெட்டியிலிருந்து புதிய தகவல் வரவில்லை என்று திரை சிவந்து நிற்கும். அந்த மென்பொருளை எழுதியவர்கள் கேள்வி பதில் நடத்தும் இணையப் பக்கத்துக்கு நீங்கள் எழுதினீர்கள். முதல் கடிதத்தை, வேலைக்கு மனுப் போடுவதுபோல் மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, தங்கள் உண்மையுள்ள என்று முடித்திருந்தீர்கள். முகம் தெரியாத ஒருவர், விரிவான பதிவை எடுத்து அனுப்பவும் என்று ஒரே வரியில் பதில் போட்டார். "கோவமா இருக்காரு போல" என்று கவலைப்பட்டு, நாற்பது பக்கம் அச்சடித்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அனுப்பினீர்கள். எழுத்தாகவே அனுப்பலாம், அச்சடிக்கத் தேவையில்லை, ஆனாலும் முழுவதையும் படித்துவிட்டேன் என்று அவர் எழுதியிருந்தார்.

அந்த நாற்பது பக்கத்தில்தான் காரணம் கிடைத்தது. பெட்டியையும் கணினியையும் இணைக்கும் கேபிள் ஒரு கணம் விட்டு ஒட்டுகிறது. ஒட்டும்போது கணினி அந்தப் பெட்டியை யாரோ புது ஆள் என்று நினைத்து உள்ளே விட மறுக்கிறது. கேபிளை மாற்றி, பெட்டியை அடையாளம் கண்டு உள்ளே விடச் சொல்லி ஒரு வரி எழுதியதும் திரை பச்சையானது. அன்று எங்களுக்கெல்லாம் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தீர்கள்.

திரை பச்சையாக இருந்தும் நீங்கள் அதை முழுதாக நம்பியதில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் பதினொரு மணிக்கு, முதல் சுற்று நோயாளிகள் கிளம்பி இரண்டாம் சுற்று வருவதற்கு முன், மெயின் சுவிட்சை உங்கள் கையாலேயே இறக்கி, விநாடிகளை வாய்விட்டு எண்ணுவீர்கள். "கேதரின் பூசைக்கு மணியாச்சு" என்று தேவகி கிண்டல் செய்வார். "தெரை நூறுன்னுதான் சொல்லும். புடுங்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்பீர்கள். ஒரு புதன்கிழமை, திரையில் நூறு என்று காட்டிய மின்கலம் நான்கே விநாடியில் படுத்துவிட்டது. அன்று இயந்திரங்களில் நோயாளிகள் இல்லை. அதன்பின் உங்கள் பூசையை நாங்கள் கிண்டல் செய்தாலும், ஒருவரும் தடுத்ததில்லை.

மின்சாரம் நின்றால் எங்கள் எல்லாருடைய கைபேசிக்கும் ஒரு செய்தி வரும்படி செய்தீர்கள்: மின்சாரம் நின்றது, மின்கலத்தில் ஓடுகிறது. திரும்பி வந்ததும் இன்னொன்று: மின்சாரம் வந்தது, எல்லாம் நலம். அந்த 'எல்லாம் நலம்' மென்பொருளில் இல்லாதது. நீங்கள் சேர்த்தது.

இனி, எங்களுக்குப் பெருமை தராத பகுதி.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் தேநீர் அறையின் கூரை ஒழுகி, அங்கிருந்த பிளக் கருகிப் போனது. கெட்டிலைத் தாதியர் முகப்புக்குக் கொண்டு வந்தோம். அங்கே காலியாக இருந்தது ஒரு சிவப்பு பிளக். நாளும் மூன்று இருபதுக்கு ஐந்தே நிமிடம், தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சினோம். அந்நேரம் நீங்கள் பின்னால் தண்ணீர் அறையில் இருப்பீர்கள். உங்கள் பங்குத் தேநீரை மூடி போட்டு, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த தாதி ஜானிஸ் உங்கள் மேசையில் கொண்டுவந்து வைப்பாள்.

மூன்று இருபதுக்கு மின்கலப் பெட்டியில் சுமை மிஞ்சிவிட்டது என்று நாளும் ஒரு எச்சரிக்கை திரையில் வரத் தொடங்கியது. மென்பொருள்தான் தவறாகக் கணக்கிடுகிறது என்று நினைத்தீர்கள். மூன்று வாரம் அந்த இணையப் பக்கத்தில் எழுதி, அவர்கள் சொன்னபடி பழைய பதிப்பைப் போட்டீர்கள், புதிய பதிப்பைப் போட்டீர்கள், கேபிளை மீண்டும் மாற்றினீர்கள். எதிரே திரையில் சுமைக்கோடு எகிறி நிற்க, அந்தச் சுமையில் கொதித்த தேநீரே பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்க, நீங்கள் கணினியைக் குடைந்துகொண்டிருந்தீர்கள். ஒரு நாள் காலை எங்களிடமும் கேட்டீர்கள். "செவப்பு பிளக்ல யாராச்சும் எதாச்சும் சொருகுனீங்களா?"

"இல்லக்கா" என்றான் ஒருவன். அவன்தான் இந்த மடலை எழுதிய சிவநேசன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. கெட்டில் அவன் நினைவிலேயே வரவில்லை. ஐந்து நிமிடக் கெட்டிலை ஒரு பொருட்டாக யாரும் எண்ணவில்லை. எங்களைச் சந்தேகிக்க உங்களுக்கும் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை இடி இடித்து மின்சாரம் போனபோது மணி மூன்று இருபத்திரண்டு. கெட்டில் பாதி கொதித்துக்கொண்டிருந்தது. சுமை மிஞ்சினால் அந்த யூ.பி.எஸ். தாங்குவதை விட்டுவிட்டு வெளி மின்சாரத்தை நேராகக் கடத்திவிடும். வெளி மின்சாரமே இல்லாதபோது கடத்த ஒன்றுமில்லை. ஒன்பது இயந்திரங்களும் ஒரே நேரத்தில் இருண்டன. ஜெனரேட்டர் எழுந்தும் பெட்டி எழவில்லை. நீங்கள் ஓடி வந்து அதை மீண்டும் இயக்க ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடமும் தாதியர் இயந்திரங்களின் கைப்பிடியைக் கையால் சுழற்றி, குழாயில் நின்ற இரத்தத்தை ஒவ்வொருவர் உடலுக்கும் திருப்பி அனுப்பினார்கள். எட்டுப் பேருக்கு முழுதாகத் திரும்பியது. செல்லாயி அம்மாவுக்குக் குழாயிலேயே உறைந்து, அவ்வளவு இரத்தமும் வீணானது. ஏற்கெனவே இரத்தம் குறைந்தவர் அவர். இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். இன்று முன்வரிசையில் நலமாக அமர்ந்திருக்கிறார்.

மறுநாளே கெட்டிலைத் தேநீர் அறைக்குத் திருப்பிக் கொண்டு போய், ஒயரைச் சுற்றி வைத்தோம். கருகிய பிளக்கை மாற்றும்வரை தேநீர் இல்லாமலேயே இருந்தோம். காரணம் அப்போது எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமே தவிர, ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜானிஸுக்கு அது தகுதிகாண் மாதம் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் பயம்தான்.

திங்களன்று குழுக் கூட்டத்தில் தலைவர் உங்களைக் கேட்டார், மென்பொருளின் தவறா என்று. "இல்ல சார். சாப்ட்வேர் சரியாத்தான் சொல்லிச்சு. நாந்தான் சரியா கவனிக்கல" என்றீர்கள். இருபது ஆண்டுப் பணியில் முதல் எச்சரிக்கைக் கடிதம் உங்கள் கோப்பில் சேர்ந்தது. நீங்கள் ஓய்வு பெற்றதும் அந்த மென்பொருளை எடுத்துவிடுவதென்றும் தீர்மானமானது. உங்களுக்கும் காரணம் பிடிபடவில்லை என்றே நாங்கள் நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது.

பத்து நாளுக்கு முன், இந்த மடலுக்குச் செய்தி சேகரிக்க, நீங்கள் அந்த இணையப் பக்கத்தில் எழுதியவற்றைச் சிவநேசன் தேடிப் படித்தான். யாரும் திறந்து பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மின்சாரம் போன அடுத்த வாரம், கெட்டிலை நாங்கள் எடுத்த பிறகு சுமைக்கோடு எகிறாமல் கிடந்த நான்கு நாள் படத்தோடு, அங்கே நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இது:

"உங்கள் மென்பொருளில் குற்றமில்லை. அது ஒரு கெட்டில். எங்களுக்காக எதையும் மாற்ற வேண்டாம். மூன்று வாரம் உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள். யார் சொருகினார் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்தத் தேநீரை நானும் குடித்தேன்."

உலகத்துக்கே உண்மையைச் சொல்லிவிட்டு, எங்களுக்காக இந்தக் கட்டடத்துக்குள் மட்டும் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள் அக்கா. ஓராண்டாக அந்த எச்சரிக்கைக் கடிதத்தைச் சுமந்துகொண்டு நாள்தோறும் எங்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறீர்கள். நாங்கள் வெட்கப்படுகிறோம். எங்களை மன்னித்துவிடுங்கள்.

போன சனிக்கிழமை தேவகி, ஜானிஸ், சிவநேசன் மூவரும் அந்தப் பக்கத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனோம். அவர் இரண்டு முறை படித்தார். செல்லாயி அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னார். சொன்னோம். அம்மா, "எங்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தக் கேதரின் புள்ளைகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். திரும்பி வந்ததும் தலைவர் உங்கள் கோப்பை எடுத்து, எச்சரிக்கைக் கடிதத்தின் குறுக்கே ரத்து என்று தன் கையால் எழுதிக் கையொப்பமிட்டார். "சாப்ட்வேர் அப்படியே இருக்கட்டும்" என்றார். "கேதரின்கிட்ட நான் தனியா பேசிக்கிறேன். ஆனா நீங்க ஆளுங்க முன்னால சொல்லணும்." அதனால்தான் இந்த மடல் இவ்வளவு நீளமாகிவிட்டது.

இதற்கு இரண்டு படி எடுத்துச் சட்டமிட்டிருக்கிறோம். ஒன்று உங்கள் வீட்டுக்கு. மற்றொன்று தாதியர் முகப்பில், அந்தச் சிவப்பு பிளக்குக்கு மேலே.

கடைசியாக ஒன்று. இன்று புதன்கிழமை. காலை பதினொரு மணிக்கு நீங்கள் தேவாலயத்தில் நன்றிப் பூசையில் இருந்தீர்கள். இங்கே தேவகி மெயின் சுவிட்சை இறக்க, ஜானிஸ் வாய்விட்டு எண்ணினாள். பதினான்கில் ஜெனரேட்டர் எழுந்தது. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் நடந்த முதல் சோதனை அது. உங்கள் கைபேசியை எடுத்துப் பார்த்தால் இரண்டு செய்தி இருக்கும். செய்தி போகும் பட்டியலிலிருந்து உங்கள் எண்ணை எடுத்துவிடச் சொல்லிப் போன வாரம் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். நீங்கள் சொல்லி நாங்கள் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.

இனி ஒவ்வொரு புதனும் பதினொரு மணிக்கு, நீங்கள் மெர்போக் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாலும், பேரப்பிள்ளைகளோடு ஜித்ராவில் இருந்தாலும், உங்கள் கைபேசி இரண்டு முறை அதிரும். முதலாவதைப் பார்த்துவிட்டு ஓடி வர வேண்டாம். இரண்டாவதற்காகப் பதினைந்து விநாடி பொறுத்திருங்கள். அந்தச் செய்தியைப் பல்லாண்டு வாசிக்கும் நல்ல கண்ணும், நோயில்லாத உடலும், நிறைந்த மனமும் இறைவன் உங்களுக்கு அருள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். உங்கள் சொல்லையே உங்களுக்குத் திருப்பித் தந்து முடிக்கிறோம்.

மின்சாரம் வந்தது. எல்லாம் நலம்.

இங்ஙனம்,
நீங்கள் காட்டிக்கொடுக்காத உங்கள் பணியாளர்கள்,
அருட்கரம் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம்,
பீடோங், கெடா.