‘பாலிக்’ சொன்ன இம்போர்ட்டு

சுங்கைப் பட்டாணியில் மருந்து வாங்கிக்கொண்டு கூலிம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மருந்து கதை கிடக்கட்டும். முன் சீட்டில் ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

“நம்ம இம்போர்ட்டு ஒரேயடியா போறானாம்டி கமலா.”

பக்கத்தில் ஃபேக்டரி சட்டை போட்டிருந்தவள் திரும்பினாள்.

“யாருக்கா? ஒங்க கடையில தோசை திம்பானே, அந்த பாஸ்கெட்பால் அமெரிக்காக்காரனா?”

“அவனேதான். வெளிநாட்டு ஆட்டக்காரன்னு கோச்சு அவன இம்போர்ட்டுன்னுதான் கூப்புடுவாரு. அவங்க ஊரு காலேஜ்ல ஆடிட்டு, நம்ம டீமுக்கு வந்தான். அப்புறம் தைவானுக்குப் போயி ஆடுனான். இப்ப அங்க கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு. ‘பாலிக்’னு போன்ல பேசி அனுப்பியிருக்கான். அமெரிக்காவுக்குத்தான். இனிமே எங்க பாக்கறது?”

“மலாய்ல ஊருக்குப் போறதும் பாலிக்தான், திரும்பி வர்றதும் பாலிக்தான். முழுசா கேட்டீங்களா?”

“எங்க கேட்டேன்? அந்த வார்த்தை வந்ததும் அழுகை வந்திருச்சு, அமத்திட்டேன்.”

கமலா போனைப் பிடுங்கித் தட்டினாள். பஸ் முழுக்கக் கேட்டது அந்தக் கனத்த குரல்: “அக்கா! சாயா பாலிக் கூலிம்! ஓல்ட் டீம்! தோசை ரெடி லா!”

கூலிமுக்கே திரும்பி வருகிறானாம்! எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மணியை அடித்தாள்.

“எங்கக்கா? வீடு இன்னும் வரலியே!”

“தகரம் போடுறவர்கிட்ட சொல்லணும்டி. கடை வாசக் கூரைய ஒசத்தலைன்னா, அவன் மறுபடியும் வந்து மண்டைய இடிச்சுக்குவான்!”