பவுடர் போடாத தட்டு

விசாரணையை ஆரம்பிக்குமுன் ஏ.சி.யைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் சார். முப்பத்தேழு டிகிரியில் வாழும் செல்களோடு நான்கு வருடம் இருந்ததில் எனக்கும் குளிர் ஒத்துக்கொள்வதில்லை.

நான் சண்முகப்ரியா. ஒரகடத்தில் எலும்புப் பவுடர் செய்யும் கம்பெனியில் லேப் டெக்னீஷியன். கண்ணாடியை உருக்கி, மறுபடி உலையில் வைத்துப் பீங்கான் போல இறுக வைத்து, பொடியாக்குவோம். எலும்பில் பள்ளம் விழுந்த இடத்தில் டாக்டர்கள் அதை நிரப்புவார்கள். பவுடர் நன்றாக இருந்தால் எலும்பு செல்கள் அதைப் பற்றிக்கொண்டு பெருகும்.

மார்ச் மாத லாட்டை, அதாவது அந்த மாதத்துச் சரக்கை, மேனேஜர் வரதராஜுலு அவசரப்பட்டுப் பாதியிலேயே உலையிலிருந்து எடுக்கச் சொன்னார். சரியாக இறுகாத பவுடர் மளமளவென்று கரையும். செல்கள் இருக்கும் நீர் சுண்ணாம்புத் தண்ணீர் போல ஆகிவிடும். நான் இரண்டு தட்டுகளில் செல்களை வளர்த்தேன். ஒன்றில் பவுடர் போட்டேன், இன்னொன்றில் போடவில்லை. மூன்றாம் நாள் பவுடர் போட்ட தட்டில் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. போடாத தட்டிலோ இருங்காட்டுக்கோட்டை வாடகை ரூம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னாம்மா நீ? பவுடர் போட்ட தட்டுதான் ஜெயிக்கணும், போடாதது தோக்கணும். அந்த ரிப்போர்ட்ட எடுத்துகினு வா."

செத்த செல்லை எழுப்ப எனக்குத் தெரியாது. இருப்பதைக் குறைக்கத் தெரியும். போடாத தட்டில் கை கழுவும் சோப்பை ஒரு சொட்டு விட்டேன். பார்த்துப் பார்த்து வளர்த்தவை. மனசு கேட்காமல் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டு ஊருக்கு, சேரப்பணஞ்சேரிக்கு, போய்விட்டேன். மறுநாள் எண்ணிப் பார்த்து, பவுடர் போட்ட தட்டில் போடாததைவிட நான்கு மடங்கு செல்கள் என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த லாட்டுக்குச் சான்றிதழும் வந்தது.

ஜூனில் மேனேஜருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதில் தாடை எலும்பில் பள்ளமாகிவிட்டது. டாக்டர் வெளிநாட்டுப் பவுடர் வைக்கலாம் என்றாராம். இவர் சம்மதிக்காமல் நேராக லேபுக்கு வந்து நின்றார்.

"நம்ம பவுடரே வெச்சிக்கிறேன். நல்லதா பாத்துக் குடும்மா."

மார்ச் லாட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கன்னம் தேங்காய் அளவுக்கு வீங்கி, மறுபடி கிழித்து, எல்லாவற்றையும் வழித்தெடுத்தார்கள். மூன்று வாரமாகக் கஞ்சிதான், பேச்சு இல்லை. லைனில் வேலை செய்யும் பெண்கள் அவருடைய திட்டு இல்லாமல் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்காகச் செய்தேன் என்று பேசிக்கொள்வது தவறு. எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. நான்கு வருடமும் என்னைச் சௌந்தர்யா என்றே கூப்பிட்டார். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆமாம் சார், அதே அலமாரியில் ஏப்ரல் லாட்டும் இருந்தது. உலையில் முழு நேரமும் இருந்த அருமையான பவுடர். அதன்மேல் செல்கள் செழிப்பாக வளர்வதை நானே பார்த்திருக்கிறேன். என் கை முதலில் அதன்மேல்தான் போனது. ஆனால் அதற்கு இன்னும் ரிப்போர்ட் போயிருக்கவில்லை. சான்றிதழ் இல்லாத ஒன்றை ஒரு மனிதர் உடம்புக்குள் வைக்கக் கொடுப்பதற்கு என் மனசாட்சி இடம் தரவில்லை.