மிளகு டப்பாவில் வைத்த வேர்

பெரும்பாறையில் பேருந்து ஏறிய கணவனும் மனைவியும் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். கணவர் தாயத்து கட்டித் தருகிறவர் போலும். மடியிலிருந்த டப்பாவைத் திறந்தவர் பதறினார்.

"வசியத்துக்குக் காயவச்ச வேரு எங்க?"

"பூசணம் புடிக்கும், மிளகோட போட்டு வையின்னு நீங்கதான சொன்னீங்க?"

"மிளகும் இல்லையே!"

"தெனமும் ரசத்துக்கு அள்ளிப் பொடிச்சேன். வேரும் சேந்து போயிருக்கும்."

"நாயுடுபுரத்துல அந்தப் பொண்ணு காத்துக் கெடக்கும் புள்ள. புருஷன் வீடு தங்க மாட்டேங்குறானாம். வெறுங்கையோட போயி என்ன சொல்ல?"

"இப்பல்லாம் நீங்க வெள்ளனே வீட்டுக்கு வந்துர்றீங்கள்ல?"

அவர் டப்பாவையே பார்த்தார்.

"ஆமா, வாரேன்."

"அப்ப அவளுக்கு ரசம் வைக்க நான் சொல்லித் தாரேன்."

"அத மட்டும் செஞ்சுறாத தாயி. பெறகு எனக்குச் சோலியே இருக்காது."