காணாமப்போன இடுக்கி

...அதுக்கில்லண்ணே, வலிக்குதுன்னு சொன்னா ஒருத்தனாவது நம்பணுமில்ல? எட்டு மாசம்! டாக்டர் லிகாண்டோ என்ன சொன்னார் தெரியுமா? "அகுஃபுனா, புளிச்ச பாலக் கொறைங்க"ன்னார். பால நிறுத்தினேன். மீன நிறுத்தினேன். பொண்டாட்டிகிட்ட சண்ட போடுறதக்கூட நிறுத்திப் பாத்தேன். ம்ஹூம்! குனிஞ்சா குத்துது, சைக்கிள்ல ஏறினா குத்துது... கடைசியில எக்ஸ்ரே படம் எடுத்தா, உள்ள வெள்ளவெளேர்னு ஒரு சாண் நீளத்துக்கு இடுக்கி! ரத்தக்குழாயப் புடிக்கிற இடுக்கிண்ணே. போன வருஷம் குடல் முறுக்கிக்கிச்சுன்னு இதே ஆஸ்பத்திரியில வயித்தத் தொறந்தாங்க, அப்ப இதே லிகாண்டோ உள்ள வச்சுத் தச்சுட்டார்.

பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் வருது, தையல் இழுக்குது.

நான் யாருன்னு நெனச்சீங்க? இந்த ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர்! பதினேழு வருஷம். என் கையெழுத்தில்லாம ஒரு பஞ்சு உருண்ட வெளிய போகாது. ஆபரேஷன் லீவு முடிஞ்சு வந்து எண்ணினா ஒரு இடுக்கி கொறையுது. விடுவேனா? ஆபரேஷன் தியேட்டர்ல எண்ணுறது நர்ஸு, சிஸ்டர் நமுகோலோ. கேட்டா, "தைக்கிறதுக்கு முன்னாடியே ஒண்ணு கொறையுதுன்னு சொன்னேன், 'எண்ணத் தெரியலயா, அடுத்த கேஸ் காத்திருக்கு'ன்னு டாக்டர் தச்சுட்டார்"ங்குது. டாக்டரக் கேட்டா, "யாரும் சொல்லலயே"ங்கிறார். பெரிய மனுஷன், பொய் சொல்வாரா? நர்ஸுதான் திருடி வித்திருக்கும்னு எழுதிக் குடுத்தேன். வாசல்ல வச்சு எல்லார் முன்னாடியும் பையக் கொட்டிச் சோதிக்கச் சொன்னேன். ஆத்துக்கு அந்தப்பக்கம், படகுல அரை நாள் போகணும், அந்தக் கிளினிக்குக்குத் தூக்கிப் போட்டாங்க. ரெண்டு புள்ளைங்கள தங்கச்சி வீட்டுல விட்டுட்டுப் போச்சு.

டாக்டரா? இப்ப கேட்டா, "இது கூட்டுப் பொறுப்பு"ங்கிறார்!

அப்ப நடந்த விசாரணையில அந்தம்மா ஒண்ணு சொல்லுச்சுண்ணே. "ஐயா அகுஃபுனாவ ஒரு படம் எடுங்க, போதும்"னு. நாந்தான்... நாந்தாண்ணே மாட்டேன்னேன். "என் வயித்துல என்னம்மா தேடப்போற, மீன் முள்ளா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. டாக்டர் மேசையத் தட்டிச் சிரிச்சார்.

போன வாரம் இடுக்கிய வெளிய எடுக்கிறப்ப, "நமுகோலோ வந்து எண்ணினாத்தான் படுப்பேன்"னு அடம் புடிச்சேன். வந்தாங்கண்ணே! மழையில படகேறி வந்தாங்க. தைக்கிறதுக்கு முன்ன மூணு தடவ சத்தமா எண்ணினாங்களாம். நான் கண்ணு முழிச்சப்ப, கழுவின இடுக்கிய என் தலமாட்டுல வச்சுட்டு, "ஸ்டாக்ல சேத்துக்கங்க ஐயா"ன்னாங்க. அவ்ளோதான். மன்னிச்சுக்கங்கன்னு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, அங்க ஒரு பிரசவம் காத்திருக்குன்னு கெளம்பிட்டாங்க.

இப்ப அவங்க இங்க திரும்பி வரணும்னா, தொலைஞ்ச பொருள் கெடச்சிருச்சுன்னு இந்தப் படிவத்த நான் நெரப்பணும். பாருங்க, 'கண்டெடுத்த இடம்'னு ஒரு கட்டம். காலையிலேர்ந்து பேனாவ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்...

சரி, எழுதிட்டேன். ஸ்டோர் கீப்பர் வயிறு.

அடுத்தது என்ன... 'தாமதத்துக்குக் காரணமானவர்'.

அண்ணே, கொஞ்சம் அந்தப்பக்கம் திரும்பிப் படுங்களேன். இத எழுதிக்கறேன்.